கடலடிச் சேற்றில் சுண்ணாம்பு எப்படிக் கரைகிறது: மலையில் இருந்தபடி படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு போடுகிறவருக்கும், 4,000 மீட்டர் ஆழத்துக் கடலடிச் சேற்றை ஆராய்கிறவருக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றுதான். கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. ஆனால் எங்கே கரையும், எவ்வளவு கரையும், எது மிஞ்சும் என்று கேட்டால் கதை நீளும்.

கல்லூரிப் பாடத்தில் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "குறிப்பிட்ட ஆழத்துக்கு மேலே ஓடுகள் இருக்கும், கீழே இருக்காது." இது பாதி உண்மை. மீதிப் பாதி நடப்பது சேற்றின் மேல் சில சென்டிமீட்டரில். அங்கே அழுகும் கரிமப் பொருளும் ஓடும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஆழத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் பல இடங்களில் விடை தப்பாக வரும். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது பாதிக்குத்தான் அதிக இடம் தருகிறது.

கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கடலடிச் சேறு உங்கள் கைக்குக் கிடைப்பது கஷ்டம். வினை கிடைக்கும், தரவுகள் இலவசமாகக் கிடைக்கும், ஒரு சாதாரண நுண்ணோக்கி கிடைக்கும். தொடங்க இது போதும்.

படி 1: வினையை டம்ளரில் பாருங்கள்

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் (இது கால்சியம் ஹைட்ராக்சைடு, கார்பனேட் அல்ல) ஒரு சிட்டிகை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் மெதுவாக இறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தெளிநீரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சாதாரண தண்ணீர் சேருங்கள். இப்படி நீர்க்கச் செய்யாவிட்டால் சோதனையின் இரண்டாம் பாதி கைகூடாது. சுண்ணாம்பு நீர் கடுமையான காரம் என்பதால் கண்ணில் படக் கூடாது, வாயில் போகக் கூடாது.

இப்போது எதுவும் கலக்காத சாதா சோடாவை ஸ்பூன் ஸ்பூனாக விடுங்கள். முதல் ஸ்பூனுக்கே நீர் பால் போல வெளுக்கும். கரைந்திருந்த கால்சியமும் சோடாவின் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் சில ஸ்பூன் விட்டுக் கலக்கினால் அந்த வெளுப்பு குறைந்து, நீர் மறுபடி தெளியும். படிந்த கார்பனேட் இன்னும் ஒரு கார்பன் டை ஆக்சைடையும் ஒரு நீர் மூலக்கூறையும் பிடித்துக்கொண்டு, ஒரு கால்சியம் அயனியும் இரண்டு பைகார்பனேட் அயனியுமாகப் பிரிந்துவிட்டது. ஆழ்கடலில் நடப்பது இந்த இரண்டாவது வினைதான்.

தெளிந்த நீரைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். வாயு வெளியேறும், லேசான வெண்மை திரும்ப வரும். கோயம்புத்தூரில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் வெள்ளை உப்பும் இப்படி வருவதுதான். ஊட்டி, குன்னூர் ஊற்றுநீரில் அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நம் மலை சார்னோகைட் பாறை. சுண்ணாம்புப் பாறை இல்லாததால் நீர் மென்னீராக வருகிறது.

இந்தச் சோதனையில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு கூடினால் கரைப்பு கூடும். குளிர் கூடினாலும் கரைப்பு கூடும். சர்க்கரையும் கல்லுப்பும் சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் குளிரில்தான் அதிகம் கரையும். ஆழ்கடல் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 1 முதல் 4 டிகிரி வரைதான்.

திண்மக் கார்பனேட் கரைவதை நேரடியாகப் பார்க்க விரும்பினால் கரும்பலகைச் சாக்பீஸை எடுக்க வேண்டாம். இப்போது வரும் பல சாக்பீஸ்கள் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். முட்டை ஓடோ கிளிஞ்சலோ நம்பகமானது.

படி 2: ஓடு யாருடையது என்று கேளுங்கள்

ஆழ்கடல் தரையில் விழும் கார்பனேட்டில் பெரும்பகுதி மூன்று கூட்டத்திடமிருந்து வருகிறது. ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் ஓடுகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை. காக்கோலித் என்பவை நுண்பாசிகள் மேலே போர்த்திக்கொள்ளும் தட்டுகள். சில மைக்ரான் அகலம்தான் இருக்கும். மூன்றாவது டெரோபாட், அதாவது நீந்தும் சின்ன நத்தை.

முதல் இரண்டும் கால்சைட்டால் ஆனவை. டெரோபாட் ஓடு அரகோனைட். இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. அரகோனைட் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் கரையும். அதனால் டெரோபாட் ஓடுகள் ஆழம் குறைந்த இடங்களிலேயே மறைந்துவிடும். ஆழமான இடத்துச் சேற்றில் அவை முழுசாகக் கிடைத்தால், அந்த இடத்து நீரைப் பற்றி அது பெரிய செய்தி.

தனி ஒரு காக்கோலித் தட்டு தானாக மூழ்கித் தரையைத் தொடப் பல ஆண்டுகள் ஆகும். வழியிலேயே கரைந்தும் போகலாம். அது கீழே வந்து சேர்வதற்குக் காரணம், சிறு விலங்குகள் அதைத் தின்று கழிவாக வெளியேற்றுவதும், கரிமத் துணுக்குகளோடு ஒட்டி விழுவதும்தான். அப்படிக் கட்டியாக வந்தால் சில வாரங்களில் தரையைத் தொடும். இதன் பலன் படி 5-இல் தெரியும்: ஓடு தனியாக வருவதில்லை, தன்னைக் கரைக்கப்போகும் பொருளையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது.

படி 3: நீர் பசியோடு இருக்கிறதா என்று கணக்கிடுங்கள்

இதற்கு ஒமேகா என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். நீரில் உள்ள கால்சியத்தின் செறிவையும் கார்பனேட் அயனியின் செறிவையும் பெருக்கி, அந்த இடத்துக் கரைதிறன் பெருக்கத்தால் (நீர் தெவிட்டும்போது அதே பெருக்கல் எட்டும் மதிப்பு) வகுத்தால் ஒமேகா. 1-க்கு மேல் இருந்தால் நீர் தெவிட்டிவிட்டது, ஓடு பிழைக்கும். 1-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும்.

கால்சியத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கடல்நீரில் அது கிலோகிராமுக்குச் சுமார் 10.3 மில்லிமோல், எங்கே போனாலும் அதிகம் மாறாது. கார்பனேட் அயனி அதைவிடப் பல பத்து மடங்கு குறைவு. வெப்பமண்டல மேல்நீரில் 200 மைக்ரோமோலுக்கு (ஆயிரம் மைக்ரோமோல் ஒரு மில்லிமோல்) மேல் இருக்கும். ஆழ்நீரில் 80, 90, 110 என்று இறங்கிவிடும். ஆகவே ஆட்டத்தை முடிவு செய்வது கார்பனேட் அயனிதான்.

அது ஏன் கீழே குறைகிறது? மேலிருந்து விழும் கரிமப் பொருளை ஆழத்தில் பாக்டீரியாக்கள் சிதைத்து, மூச்சுவிட்டு, கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. அது நீரோடும் கார்பனேட் அயனியோடும் சேர்ந்து இரண்டு பைகார்பனேட்டாக மாறுகிறது. கார்பனேட் செலவாகிப் போகிறது. நீர் எவ்வளவு காலம் ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவு செலவு. அட்லாண்டிக்கின் ஆழ்நீர் வடக்கே மூழ்கி அதிக காலம் ஆகாதது. வட பசிபிக்கின் ஆழ்நீர் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் காற்றைப் பார்க்காதது. பசிபிக்கில் ஓடுகள் சீக்கிரம் கரைவதற்கு இதுதான் முதல் காரணம்.

இத்தனைக்கும் ஆழ்நீர் அமிலம் ஆகிவிடவில்லை. அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 7.5-க்கும் 8-க்கும் இடையில்தான். "ஆழ்கடல் அமிலமாக இருப்பதால் ஓடு கரைகிறது" என்று தேர்வுத்தாளில் எழுதாதீர்கள். நீர் காரப்பக்கமே நிற்கிறது, ஆனாலும் கார்பனேட் அயனி போதாமல் ஓடு கரைகிறது.

அடுத்து அழுத்தம். 10 மீட்டர் இறங்கினால் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 4,000 மீட்டரில் 400 மடங்கு. கரைந்த அயனிகளும் அவற்றைச் சுற்றிய நீரும் சேர்ந்து பிடிக்கும் இடம், திண்மமாக இருந்தபோது பிடித்த இடத்தைவிடக் குறைவு. அழுத்தம் கூடக் கூட, குறைந்த இடம் பிடிக்கும் பக்கத்துக்கு, அதாவது கரைவதற்கு, வினை சாய்கிறது.

இதை நீங்களே கணக்கிட ஒரு எளிய சூத்திரம் உண்டு. ப்ரோக்கரும் டகஹாஷியும் 1978-இல் தந்தது. கால்சைட் தெவிட்டுவதற்குத் தேவையான கார்பனேட் அயனி 4 கிலோமீட்டர் ஆழத்தில் கிலோகிராமுக்கு 90 மைக்ரோமோல். அதற்குக் கீழே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 சதவீதம் கூடும். மேலே போனால் அதே விகிதத்தில் குறையும். கால்குலேட்டரில் அடித்துப் பாருங்கள்: 2 கிலோமீட்டரில் 65, 3-இல் 77, 4-இல் 90, 5-இல் 106, 6-இல் 124.

சரி, ஒரு ஆழ்நீரில் கார்பனேட் 80 மைக்ரோமோல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 கிலோமீட்டரில் தேவை 77, கையில் 80. ஓடு பாதுகாப்பாக இருக்கும். 4 கிலோமீட்டரில் தேவை 90, கையில் அதே 80, கரையும். எல்லை சுமார் 3.3 கிலோமீட்டரில் விழுகிறது. இன்னொரு நீரில் 110 இருந்தால் எல்லை 5.2 கிலோமீட்டர் வரை இறங்கிவிடும். 30 மைக்ரோமோல் வித்தியாசம் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் கடல்தரையின் விதியை மாற்றிவிடுகிறது. இந்த ஒரு கணக்கைச் சொந்தக் கையால் போட்டவர்களுக்குப் பசிபிக்கும் அட்லாண்டிக்கும் ஏன் வேறு வேறு என்று மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே வராது.

படி 4: மூன்று கோடுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

ஒமேகா 1 ஆகும் ஆழம் தெவிட்டு எல்லை. அது முழுக்க நீரின் வேதியியல். சேற்றில் கரைப்பின் தடயம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் ஆழம் லைசோக்ளைன். மேலிருந்து விழும் கார்பனேட்டும் கரைந்துபோகும் கார்பனேட்டும் சரிக்குச் சரியாகி, சேற்றில் கார்பனேட்டே மிஞ்சாத ஆழம் கார்பனேட் ஈடுசெய் ஆழம். பசிபிக்கில் இது 4,200 முதல் 4,500 மீட்டர் வாக்கிலும், அட்லாண்டிக்கில் 5,000 மீட்டர் வாக்கிலும் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதைக் கடல்மட்டத்திலிருந்து தலைகீழாக இறக்கினாலும் இந்த ஈடுசெய் ஆழத்தைத் தொடாது.

மூன்றாவது கோடு நீரை மட்டும் பொறுத்ததில்லை. மேலே ஓடு உற்பத்தி அதிகமாக இருந்தால், கரைவதற்கு மேல் விழுந்துகொண்டே இருக்கும். கோடு கீழே இறங்கும். நிலநடுக்கோட்டுப் பசிபிக்கில் அப்படித்தான்.

இந்த அறிவு வந்த வழி அழகானது. 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் கப்பல் உலகக் கடல்களில் சேறு அள்ளியது. ஆழம் கூடக் கூட ஓடு குறைவதையும், மிக ஆழத்தில் சிவப்புக் களிமண் மட்டும் கிடப்பதையும் ஜான் மர்ரே கவனித்தார். மர்ரேயும் ரெனார்டும் 1891-இல் அதை விரிவாக வெளியிட்டார்கள். 1966-இல் வெளியான ஆய்வில் பீட்டர்சன், மெருகிட்ட கால்சைட் உருண்டைகளை எடைபோட்டு, பசிபிக்கில் ஒரு கம்பியில் வெவ்வேறு ஆழங்களில் கட்டித் தொங்கவிட்டார். மாதக்கணக்கில் விட்டு எடுத்து மறுபடி எடைபோட்டார். எல்லையைக் கடந்த உடனே நிறைய கரைந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் வெகு ஆழம் வரை இழப்பு சொற்பம்; 3,700 மீட்டர் வாக்கில்தான் திடீரென்று ஏறியது. அதே கம்பியில் ஃபோராமினிஃபெரா ஓடுகளைத் தொங்கவிட்ட பெர்கர்தான் பின்னர் லைசோக்ளைன் என்று பெயர் வைத்தவர்.

கரைப்பின் வேகம் ஒமேகா குறைவதோடு நேர்க்கோட்டில் கூடுகிறதா, இல்லை வளைந்து ஏறுகிறதா என்பதில் நீண்ட விவாதம் உண்டு. 1980-இல் கெயர் ஆய்வகத்தில் அளந்து 4.5 என்ற அடுக்கை, அதாவது வளைந்த ஏற்றத்தைச் சொன்னார். 1997-இல் ஹேல்ஸும் எமர்சனும் கடலடி அளவீடுகளுக்கு நேர்க்கோடே போதும் என்றார்கள். ஆரம்பத்தில் இதில் மூழ்க வேண்டாம்.

படி 5: சேற்றுக்குள் இறங்குங்கள்

இதுவரை பார்த்தது சேற்றுக்கு மேலே நிற்கும் நீர். ஓடு தரையில் விழுந்ததும் அதைச் சூழ்வது துளைநீர், அதாவது சேற்றுத் துகள்களுக்கு இடையில் சிக்கிய நீர். மேல்மட்டச் சேற்றில் கன அளவில் பெரும்பகுதி நீர்தான். இந்த நீர் ஓடுவதில்லை. அயனிகள் அதில் விரவிப் பரவ மட்டுமே முடியும். சேற்றின் மேற்பரப்பை ஒட்டி, மில்லிமீட்டர் கணக்கில் ஒரு மெல்லிய நீர்ப்படலமும் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். கரைந்த கார்பனேட் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

இப்படி மட்டும் இருந்தால் ஓட்டுக்கு நல்லது. கொஞ்சம் கரைந்ததும் துளைநீர் தெவிட்டிவிடும், கரைப்பு நின்றுவிடும். ஆனால் அதே சேற்றில் கரிமப் பொருளும் கிடக்கிறதே. பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் கொண்டு அதைச் சிதைக்கும்போது வரும் ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும், முழுக்க ஈடுசெய்யப்பட்டால், ஒரு கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். வெளியே உள்ள நீரில் ஒமேகா 1-க்கு மேலே இருந்தாலும் சேற்றுக்குள் கரைப்பு நடக்கும் என்று எமர்சனும் பெண்டரும் 1981-இல் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை இதுதான். நீரின் வரைபடத்தில் பத்திரமான இடம் என்று குறித்திருக்கும் இடத்தில், தரைக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே ஓடு கரைந்துகொண்டிருக்கும்.

நம் தோட்டங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மழை கால்சியத்தை அரித்துக்கொண்டு போவதால் நீலகிரி மண் அமிலத்தன்மை உடையது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பி.எச். பிடிக்கும், கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் அவ்வளவு அமிலம் ஆகாது, அதனால் சுண்ணாம்பும் டோலமைட்டும் போடுகிறார்கள். கேத்தியில் ஒரு தோட்டக்கார அக்கா என்னிடம், "சார், மேலாக்க தூவுன சுண்ணாம்பு அப்படியே கெடக்குது. எரு போட்டுக் கொத்திவிட்ட பாத்தியில மட்டும் காணாமப் போச்சு" என்றார். "அக்கா, எரு மக்கும்போது மூச்சு விடும். அந்த மூச்சுதான் சுண்ணாம்பைக் கரைச்சுது" என்றேன். மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். மண்ணின் அமிலமும் அங்கே சேர்ந்து வேலை செய்கிறது. கடலடியில் அது இல்லை. ஆனால் மக்கும் பொருளும் கார்பனேட்டும் கலக்கப்பட்டால்தான் வினை வேகம் பிடிக்கும் என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

கடலடியில் கொத்திவிடும் வேலையைப் புழுக்களும் பிற தரைவாழ் உயிர்களும் செய்கின்றன. உலகெங்கும் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழம் வரை சேறு இப்படிக் கிளறப்படுகிறது. ஆழ்கடலில் கார்பனேட் சேறு ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் சேர்கிறது. அப்படியானால் ஒரு ஓடு, கிளறப்படும் அடுக்கைத் தாண்டி நிரந்தரமாகப் புதைவதற்குள் பல ஆயிரம் ஆண்டுகள் அதே அடுக்கில் மேலும் கீழும் அலைகிறது. கரைவதற்கு அதற்கு நேரம் தாராளம்.

எல்லாச் சிதைவும் கரைப்பைக் கூட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் தீர்ந்து, சல்பேட்டைக் கொண்டு சிதைவு நடக்கும் அடுக்குகளில் காரத்தன்மையும் (அமிலத்தைத் தணிக்கும் திறன்) சேர்ந்து கூடும். அங்கே கரைப்பு தணியும். சில இடங்களில் புதிதாகக் கார்பனேட் படியவும் செய்யும். ஆகவே ஒரு சேற்றைப் பார்க்கும்போது ஆக்சிஜன் எத்தனை சென்டிமீட்டர் வரை இறங்குகிறது என்று முதலில் கேளுங்கள்.

முடிவைத் தீர்மானிப்பது, ஒரே இடத்தில் விழும் கரிமப் பொருளுக்கும் கார்பனேட்டுக்கும் உள்ள விகிதம். அரபிக்கடல் போலப் பருவக்காற்றால் பாசி வளம் கொழிக்கும் இடங்களில் இந்த விகிதத்தைப் பார்க்காமல் ஆழத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

படி 6: சதவீதத்தை நம்பி ஏமாறாதீர்கள்

கோர் என்பது கடலடியில் குழாய் இறக்கி எடுக்கும் சேற்றுத் தூண். கோர் அறிக்கைகளில் "கார்பனேட் 80 சதவீதம்" என்று பார்த்ததும் "கரைப்பு கொஞ்சம்தான்" என்று முடிவு கட்டுவார்கள். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

100 கிராம் சேறு விழுகிறது. 90 கிராம் கார்பனேட், 10 கிராம் களிமண். களிமண் கரையாது. இப்போது கார்பனேட்டில் 50 கிராம் கரைந்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் 40 கிராம் கார்பனேட், 10 கிராம் களிமண். சதவீதம் 80. பாதிக்கு மேல் போன பிறகும் அட்டவணையில் 90 என்பது 80 ஆகத்தான் இறங்கியிருக்கிறது. சதவீதம் 50-க்கு இறங்க வேண்டுமானால் 90-இல் 80 கிராம் கரைந்திருக்க வேண்டும். அதாவது ஒன்பதில் எட்டுப் பங்கு போன பிறகுதான் சேறு பாதிக்குப் பாதி ஆகிறது.

எதிர்ப்பக்கமும் தவறு நடக்கும். வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் வண்டல் ஏராளம். அங்கே கார்பனேட் சதவீதம் குறைவாக இருந்தால், அது கரைப்பாக இருக்க வேண்டியதில்லை, வண்டலால் நீர்த்துப்போயிருக்கலாம். சதவீதத்தோடு சேறு சேரும் வேகத்தையும் பெருக்கி, ஆண்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு கார்பனேட் புதைகிறது என்று பார்த்தால்தான் உண்மை பிடிபடும்.

படி 7: மிஞ்சிய ஓடுகளிடம் கேளுங்கள்

சேற்றை நீரில் கரைத்து 63 மைக்ரான் சல்லடையில் அலசினால் ஃபோராமினிஃபெரா மேலே நிற்கும். நுண்ணோக்கியில் முதலில் பார்க்க வேண்டியது, முழு ஓடுகளுக்கும் உடைந்த துண்டுகளுக்கும் உள்ள விகிதம். கரைப்பு ஓட்டுச் சுவரை மெல்லியதாக்கி, துளைகளை அகலமாக்கி, கடைசியில் ஓட்டை நொறுக்கும். மொத்தக் கார்பனேட் சதவீதம் அசையாமல் இருக்கும்போதே துண்டுகள் கூடிவிடும். அதனால் லைசோக்ளைனைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி.

அடுத்து இனங்கள். குளோபிஜெரினாய்டஸ் ரூபர் போன்ற மெல்லிய ஓட்டுக்காரர்கள் முதலில் காணாமல் போவார்கள். குளோபோரோடாலியா டுமிடா போன்ற தடித்த ஓட்டுக்காரர்கள் கடைசி வரை நிற்பார்கள். ஒரு மாதிரியில் தடித்தவை மட்டுமே இருந்தால், மேலே வாழ்ந்த கூட்டமே அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அது வடிகட்டப்பட்ட கூட்டம். பழங்காலக் கடல் வெப்பநிலையைக் கணக்கிடுகிறவர்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: நம் ஊர் ஊற்றுநீரில் கார்பனேட் மாதிரியை நேரம் போவது தெரியாமல் ஊறவைக்காதீர்கள். மென்னீர் கால்சைட்டுக்குத் தெவிட்டாத நீர். வாலை வடிநீரும் அப்படித்தான். நுண்ணிய காக்கோலித் தட்டுகளை அது உங்கள் மேசையிலேயே அரித்துவிடும். கொஞ்சம் காரப்படுத்திய நீரைப் பயன்படுத்துங்கள், சீக்கிரம் உலர்த்துங்கள். கடல் செய்யாத கரைப்பைக் கடலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

படி 8: மலையின் பங்கைக் கணக்கில் சேருங்கள்

ஓடு கட்டக் கால்சியம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நிலத்துப் பாறைச் சிதைவிலிருந்து. கார்பன் டை ஆக்சைடு கலந்த மழைநீர் நீலகிரிச் சார்னோகைட்டின் ஃபெல்ஸ்பாரைத் தின்று, களிமண்ணை இங்கே சிவப்பு மண்ணாக விட்டுவிட்டு, கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பவானியும் மோயாறும் பவானிசாகரில் சேர்ந்து, பிறகு காவிரியில் கலந்து வங்கக்கடலுக்குப் போகின்றன. பழனி மலையின் வடசரிவு நீர் சண்முகநதி வழியாக அமராவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. தென்சரிவு நீர் வைகைக்கு. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவதில் இது சிறு பங்கு, ஆனால் வழி இதுதான்.

கடலின் மேல்நீரில் உயிர்கள் கட்டும் கார்பனேட்டின் அளவு, ஆறுகள் கொண்டுவருவதைவிட அதிகம். எல்லாம் புதைந்தால் கடலில் கார்பனேட் தீர்ந்துவிடும். ஆகவே உபரியைக் கடல் கரைத்தே ஆக வேண்டும். ஆறுகள் அதிகம் கொண்டுவந்தால் கார்பனேட் அயனி கூடும், கோடுகள் கீழே இறங்கும், அதிக சேறு புதையும். கார்பன் டை ஆக்சைடு திடீரென்று கூடினால் கோடுகள் மேலே ஏறும், தரையில் கிடப்பது கரைந்து நீரின் காரத்தன்மையை மீட்டுக்கொடுக்கும். இந்தச் சரிக்கட்டலுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

அப்படி ஒரு நிகழ்வு 56 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பெருமளவு கார்பன் கடலிலும் காற்றிலும் கலந்தது. ஈடுசெய் ஆழம் தென் அட்லாண்டிக்கில் 2 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்தது. 2003-இல் அங்கே வால்விஸ் என்ற கடலடி முகட்டில் துளையிட்டு எடுத்த கோர்களில், வெளிர்நிறச் சுண்ணாம்புச் சேற்றுக்கு நடுவே கருஞ்சிவப்புக் களிமண் பட்டை ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அங்கே ஓடுகள் விழுந்தன, மிஞ்சவில்லை.

பனியுகக் கணக்கில் நீலகிரிக்கே ஒரு சாட்சி உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் காற்றில் கார்பன் டை ஆக்சைடு மில்லியனுக்கு 190 அளவில்தான் இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280. நம் உயர்மலைச் சதுப்புக் கரியின் (சதுப்பில் அரைகுறையாக மக்கிய தாவரப் படிவு) கார்பன் ஐசோடோப்புகளை அளந்து சுகுமார் குழு 1993-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் குளிர்ந்த, வறண்ட காலத்தில் வெப்பமண்டலப் புல்வகைகள் ஓங்கியிருந்ததைக் காட்டியது. காற்றில் குறைந்த கார்பனின் பெரும்பகுதியை ஆழ்கடல் வாங்கி வைத்திருந்தது. அதன் தடயத்தைக் கடலடி ஓடுகளின் கரைப்பில் தேடுகிறார்கள்: பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் பனியுகச் சேற்றில் ஓடுகள் நன்றாகப் பிழைத்திருக்கின்றன, ஆழ் அட்லாண்டிக்கில் மோசமாகக் கரைந்திருக்கின்றன. ஆழ்நீர் ஓடும் பாதை மாறியிருந்ததற்கு இது வலுவான அடையாளம்.

படி 9: இன்றைய நிலையைப் படியுங்கள், சொந்தமாக ஒரு கணக்குப் போடுங்கள்

காற்றில் இப்போது கார்பன் டை ஆக்சைடு மில்லியனுக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியிடுவதில் சுமார் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. ஆழ்நீர் புதிதாக மூழ்கும் வட அட்லாண்டிக்கில் அது தரையை எட்டி, ஓடுகளைக் கரைக்கத் தொடங்கிவிட்டது என்று 2018-இல் சுல்பிஸ் குழு கணக்கிட்டுக் காட்டியது. இதில் ஒரு பின்விளைவும் உண்டு. மேலே விழுவதைவிடக் கரைவது அதிகமானால், கிளறும் உயிர்கள் கீழே புதைந்த பழைய ஓடுகளை மேலே கொண்டுவரும், அவையும் கரையும். சேற்றில் எழுதிவைத்திருந்த பழைய பதிவு பின்னோக்கி அழியும்.

பயிற்சிக்கு க்ளோடாப் (GLODAP) என்ற உலகக் கடல்நீர் அளவீட்டுத் தரவுத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அரபிக்கடலில் ஒரு நிலையம், வட அட்லாண்டிக்கில் ஒரு நிலையம், இரண்டிலும் 4,000 மீட்டர் ஆழம். மொத்தக் காரத்தன்மையிலிருந்து கரைந்த மொத்தக் கார்பனைக் கழியுங்கள். ஆழ்நீரில் இந்த வித்தியாசம் கார்பனேட் அயனிக்கு ஓரளவு நெருங்கி வரும். மேல்நீரில் இதை நம்பாதீர்கள்; அங்கே போரேட் என்ற போரான் அயனியின் பங்கு பெரிது, எண் அதிகமாகக் காட்டும். கிடைத்த எண்ணைப் படி 3-இல் பார்த்த 90-உடன் ஒப்பிட்டு, ஓடு பிழைக்குமா என்று உங்கள் ஊகத்தை முதலில் எழுதிவிடுங்கள். அப்புறம் பாங்கியா தரவகத்தில் அதே பகுதிக் கோரின் கார்பனேட் அளவையும் ஓட்டுத் துண்டு விகிதத்தையும் திறந்து பாருங்கள். நீர் பிழைக்கும் என்று சொல்லி, ஓடு உடைந்து கிடந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது அந்தக் கோரின் மேல் 10 சென்டிமீட்டரில் இருக்கும் கரிமக் கார்பன் அளவு. நீர் கரைக்கும் என்று சொல்லி, ஓடு முழுசாகக் கிடந்தால், மேலிருந்து எவ்வளவு ஓடு விழுகிறது, சேறு எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்று பாருங்கள்.